கண் மூடும் காட்சி

கத்திரிக்காரர் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. ஃபிலிம் தீப்பிடித்தால் தெருவில் போகிறவர்களுக்கு ஆபத்து என்று யாரோ சொல்லி, அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி அந்த யாரோ ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

படக் கம்பெனியின் பின்கட்டில், தகரப் பெட்டிகள் அடுக்கிய கிடங்கைத் தாண்டி இருந்தது அந்த அறை. ஒரு நீள மேஜை. அதன் இரண்டு முனையிலும் சுருளைச் சுற்றும் கைச்சக்கரங்கள். நடுவில் கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை. பக்கத்தில் உள்ளே துணி தைத்த ஒரு பெரிய தொட்டி. வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டால் கீறல் விழும் என்று அதற்குமேல் கம்பியில் மாட்டித் தொங்கவிடுவார். ஒட்டுகிற பசையின் நெடி புதிதாக வருகிறவர்களை அரை நாளில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துவிடும். கத்திரிக்காரருக்கு அது பழகிப்போய், வெளியே நல்ல காற்றில் நின்றால்தான் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. படம் எடுக்கிறவர்கள் ஒரு படம் எடுத்தார்கள். ஜனங்கள் பார்த்தது கிட்டத்தட்ட வேறொரு படம். நடுவில் இந்த மாதிரி அறைகள் இருந்தன. படத்தை வாங்கி ஊர் ஊராக அனுப்புகிற கம்பெனிக்கு எந்த ஊருக்கு எது செல்லும் என்று தெரியும். ஆலை ஊருக்கு முதலாளி திருந்துகிற காட்சி வேண்டாம், அடிபடுகிறதோடு நிறுத்து என்பார்கள். பெரிய மனிதர்கள் வருகிற தியேட்டருக்கு அடிபடுகிறதை எடுத்துவிட்டுத் திருந்துகிறதை மட்டும் வை என்பார்கள். துறைமுக ஊருக்குச் சண்டை பற்றாது. படத்தில் சண்டை இல்லையா, வேறு படத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டு. ஒருமுறை கதாநாயகன் கோடு போட்ட சட்டையோடு ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், வெள்ளைச் சட்டையோடு நாலு பேரை அடித்துப் போட்டுவிட்டு, மறுபடி கோடு போட்ட சட்டையோடு வெளியே வந்தான்.

"ஒருத்தனும் கேக்கல," என்று வந்து சொன்னார் ரெப்பு. படப் பெட்டியோடு கூடவே போய், கொட்டகையில் உட்கார்ந்து, ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து பீடி பிடிக்கப் போகிறார்கள் என்று பார்த்துவந்து சொல்கிற கம்பெனி ஆள் அவர். "பக்கத்துல இருந்தவன்கிட்ட நானே கேட்டேன். என்னய்யா சட்ட மாறிடுச்சேன்னு. அவன் சொல்றான், அடிக்கப் போறவன் நல்ல சட்டையையா போட்டுக்கிட்டு அடிப்பான், கழட்டி மாட்டிட்டு வந்திருப்பான்னு. அவ்வளவுதாங்க ஜனம். நாம ஒட்டறதுல பாதிய அவங்களே ஒட்டிக்கறாங்க."

கத்திரிக்காரருக்குப் படம் பார்க்கத் தெரியாது என்றே சொல்லலாம். ஒட்டுத்தான் தெரியும். கொட்டகையில் எல்லோரும் உச்சுக் கொட்டும்போது அவர் மட்டும், "இங்க ஒண்ணு குதிக்குது," என்று முனகுவார். அவரோடு படத்துக்குப் போவதும் சமையல்காரரோடு விருந்துக்குப் போவதும் ஒன்று என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதெல்லாம் மகள் இருந்தபோது.

மகளைப் பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிட்டார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கம்பெனிக்குக் கொண்டுவருவாள். அப்படி வந்தவளை, முதலாளியைப் பார்க்க வந்திருந்த ஒரு டைரக்டர் பார்த்தார். அவர் எடுக்கப்போகிற படத்தில் கதாநாயகனுக்கு ஒரு பெண் குழந்தை. நடுவில் காய்ச்சல் கண்டு இறந்துபோகும். அந்தப் படத்தை வாங்குவதாகக் கம்பெனியும் பேசி முடித்திருந்தது. ஏற்கெனவே பார்த்துவைத்திருந்த குழந்தை விளக்கைக் கண்டால் அழுகிறது என்று டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரம். பாப்பா விளக்கைக் கண்டு அழவில்லை. எத்தனை விளக்கு என்று எண்ணினாள்.

சாகிற காட்சி எடுத்த அன்று கத்திரிக்காரரும் அவர் மனைவியும் போயிருந்தார்கள். செத்துப்போவது எப்படி என்று குழந்தைக்குத் தெரியவில்லை. டைரக்டர் குனிந்து, "தூக்கம் வந்தா கண்ண எப்படி மூடுவ? அப்படி மூடு," என்றார். அவள் "தூக்கம் வருதுப்பா" என்ற வசனத்தைச் சொன்னாள், மெதுவாக மூடினாள். அவ்வளவு விளக்குகளின் வெக்கையில் நிஜமாகவே தூங்கியும்போனாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

படம் முடிந்து, வெளியாவதற்குக் காத்திருந்த காலத்தில் பாப்பாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அப்போது அம்மா ஊரில் இல்லை. அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அது மழைக்காலம். பாலம் உடைந்து ரயில் நின்றுபோய், பஸ்ஸிலும் லாரியிலுமாக மாறி மாறி அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொற்றுநோய் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்குப் பாயும் தலையணையும்கூட வரவில்லை, அதையும் எரித்துவிட்டார்கள்.

ஈரப் புடவையோடு நின்றபடியே அவள் கேட்டாள். "எப்படிப் போனா?"

"கஷ்டப்படல. தூக்கம் வருதுப்பான்னா. சரி தூங்குன்னேன். கண்ண மூடினா. அவ்வளவுதான்," என்றார் கத்திரிக்காரர்.

அவள் அழவில்லை. உறவுக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ரெடிமேட் கடைக்குச் சட்டைகளில் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த வாரமே மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தைச் சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து, "இத வேற யாருக்காவது குடுங்க," என்று கடை ஆளிடம் திருப்பி அனுப்பினாள். கடை ஆளும் ஏன் என்று கேட்கவில்லை.

பெரிய துக்கம் வந்தால் வீடு அல்லோலகல்லோலப்படும் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அடுப்பு எரிந்தது. சோறு வெந்தது. அவர் போனார், வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் உரசாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். கையில் ஊசி ஏறினால்கூட அவள் உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் வெளியானது. "வேணாம், போகாத," என்றார் அவர். அவள் போனாள். மேட்டினி பார்த்துவிட்டு வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு," என்றாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் தினமும் போனாள். டிக்கெட் கிழிக்கிறவர் கம்பெனிக்குத் தெரிந்தவர். விஷயம் தெரிந்து டிக்கெட் கேட்பதை நிறுத்திவிட்டார். "வா தங்கச்சி, ஓரத்து நாற்காலி காலியா இருக்கு," என்பார். படம் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே போவாள். குழந்தை கண்ணை மூடியதும் எழுந்து வந்துவிடுவாள். அதற்குப் பிறகு கதாநாயகன் மலர் வைத்துக்கொண்டு கல்லறையில் நின்று பேசுகிற ஒரு நீளமான காட்சி உண்டு. அதை அவள் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து பட்டன் தைப்பாள். அந்த நாட்களில் கொஞ்சம் சாப்பிடவும் செய்தாள் என்பதைக் கத்திரிக்காரர் கவனித்தார்.

இப்படியே போயிருக்கும். ரெப்பு வந்து கெடுத்தார். கெடுத்தார் என்று சொல்வதும் நியாயமில்லை. அவர் வேலை அது.

"முதலாளி, படம் உக்காந்துடுச்சு," என்றார். "இடைவேளை வரைக்கும் சிரிக்கறாங்க. பாப்பா சாகுது பாருங்க, அதோட முடிஞ்சுது. ஆம்பளைங்க வெளிய வந்து நிக்கறாங்க. புள்ளைங்கள கூட்டிட்டு வந்த பொம்பளைங்க திரும்பி வரமாட்டேங்கறாங்க. ஒரு அம்மா எங்கிட்டயே கேட்டுச்சு. ஏன்யா, காசு வாங்கிட்டு எம் புள்ளைய அழ வைக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கான்னு."

முதலாளி கத்திரிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். மேஜைமேல் இருந்த காகித எடையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே பேசினார்.

"குழந்தை பொழைக்கணும்யா. வேற வழி இல்ல. பொழைச்சு எழுந்திரிச்சா மிச்சப் படம் தானா ஓடும். கல்லறைய எடுத்துடலாம்."

"சரிங்க."

"உன்ன பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரல. எதிர்த்த கம்பெனி ஆள வரச் சொல்றேன். நீ லீவு போட்டுட்டு வீட்ல இரு."

கத்திரிக்காரர் யோசித்தார். எதிர்த்த கம்பெனி ஆளை அவருக்குத் தெரியும். அவசரக்காரன். நகத்தால் ஃபிலிமைக் கீறுகிறவன். "வேணாங்க. நானே பண்றேன். அவன் கைல குடுக்காதீங்க."

"முடியுமா உன்னால?"

"வேலதானுங்களே." கிளம்பப் போனவர் நின்றார். "இந்த ஊர்ல ஓடற பிரிண்ட்ட மட்டும் அப்படியே விட்டுடலாமாங்க?"

"இந்த ஊர்லதான்யா பத்திரிகைக்காரன் அத்தன பேரும் இருக்கான். இங்கதான் மொதல்ல மாத்தணும்." முதலாளி காகித எடையை நகர்த்துவதை நிறுத்தினார். "ஏன்யா?"

"ஒண்ணுமில்லீங்க."

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் மனைவியிடம் சொன்னார். அவித்த உருளைக்கிழங்கும் சோறும். மழைத் தூறல் ஓட்டின்மேல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொழைக்க வைக்கப் போறீங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"எப்படி?"

"ஏதாவது பண்ணணும்."

"நீங்க பண்ண மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நான் இல்லன்னா வேற ஆளு பண்ணுவான்மா."

 பிறகு அவள், விலை பேசுகிறவள் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "நான் அவ மொகத்தக்கூட பாக்கல. உங்களுக்குத் தெரியும். வந்து நின்னப்ப வீடு கழுவி விட்டிருந்துச்சு. அவ எங்கயோ பள்ளிக்கூடம் போயிருக்கான்னு சொன்னாகூட நம்பற மாதிரி இருந்துச்சு. கொட்டகைக்குப் போய், அந்த நாற்காலில உக்காந்துதான், போயிட்டான்னு ஒரு நெனப்பு வருது. வெளிய வந்து ரெண்டு தெரு நடக்கற வரைக்கும் இருக்குது. அப்புறம் போயிடுது. அதனாலதான் மறுபடி போறேன்."

"தெரியும்."

"ஊர்ல எல்லாருக்கும் அவ பொழைக்கணும். எனக்கு ஒருத்திக்குத்தான் சாகணும். பெத்தவ கேக்கற கேள்வியா இது? ஆனா கேக்கறேன். அத எடுத்துடாதீங்க."

"முதலாளிகிட்ட கேட்டுப் பாத்தேன்மா. முடியாதுன்னுட்டாரு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

குழந்தை பிழைக்கிற மாதிரி ஒரு துண்டும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. புதிதாக எடுக்கக் குழந்தை இல்லை. இருக்கிறதை வைத்துத்தான் செய்ய வேண்டும். கத்திரிக்காரர் சுருளை மேஜையில் ஏற்றி, கண்ணாடிப் பலகையின் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டாக்டராக நடித்தவர் ஒரு இடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். நல்லதாகப் போயிற்று. முதுகு காட்டி நிற்கிறவன் வாயில் எதை வேண்டுமானாலும் போடலாம். ரெப்பையே மைக் முன்னால் நிறுத்தி, "ஆபத்து நீங்கிவிட்டது, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்," என்று பேசவைத்துச் சேர்த்தார்கள். தந்தையாக நடித்தவர் வேறொரு காட்சியில் வேலை கிடைத்ததற்காகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வெட்டி இங்கே வைத்தாயிற்று.

மிச்சம் இருந்தது கண். குழந்தை கண்ணைத் திறக்க வேண்டும். படம் முழுக்கத் தேடியும் படுத்தபடி கண் திறக்கிற இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூடுகிற இடம் ஒன்றுதான் இருந்தது. கடைசியில் அதையே எடுத்துக்கொண்டு ஃபிலிம் கழுவுகிற லேப்புக்குப் போனார்.

"கடைசிக் கட்டத்துலேர்ந்து மொதல் கட்டத்துக்குப் போட முடியுமா?"

லேப்காரர் துண்டை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். யார் என்று தெரிந்ததும் கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். "முடியும் அண்ணே. பின்னாலேர்ந்து போட்டா மூடறது தொறக்கற மாதிரி வரும்." பிறகு, "நீங்க வெளிய உக்காருங்க, நான் போட்டுக் கொண்டாறேன்," என்றார்.

"பரவால்ல. நிக்கறேன்."

வந்த துண்டை ஓட்டிப் பார்த்தார்கள். மூடியிருந்த இமைகள் நடுங்கி, மெல்லப் பிரிந்தன. திறந்த பிறகு உதடு அசைந்தது மட்டும் காட்டிக் கொடுத்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு அதற்கு முன்னால் வெட்டினார். மறுபடி ஓட்டினார். கண் திறந்தது. ஒரு கட்டம் அதிகம். எடுத்தார். கண் திறந்தது. இசையைச் சேர்த்து ஓட்டினார். கண் திறந்தது. எத்தனை பிரிண்ட் உண்டோ அத்தனைக்கும் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த நாட்கள் முழுக்க ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவர் மகள் திரும்பத் திரும்பக் கண் விழித்துக்கொண்டே இருந்தாள். ஒட்டு சுத்தமாக இருந்தது. எங்கேயும் குதிக்கவில்லை. அதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதுதான் கொடுமை. வேறு ஒன்றும் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

மாற்றிய பிரிண்ட் வந்திருக்கிறது என்று டிக்கெட் கிழிக்கிறவர் வாசலிலேயே சொன்னார். "இன்னைக்கு வேணாமே தங்கச்சி." அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குழந்தை படுத்திருந்தது. டாக்டரின் முதுகு பேசியது. தந்தை சிரித்தார். கண்கள் திறந்தன. கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். பின்வரிசையில் சீட்டி அடித்தார்கள். பக்கத்து நாற்காலியில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், யார் எவர் என்று தெரியாமல் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

"பொழச்சிடுச்சு பாருங்க," என்றாள்.

"ஆமா," என்றாள் இவள். "பொழச்சிடுச்சு."

வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போலச் சட்டை மூட்டையை அவிழ்த்தாள். கத்திரிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளை வைத்துக்கொண்டிருந்தார். வாசல் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அவள் ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தாள்.

"தொறந்தா," என்றாள்.

"ம்."

"எப்படிப் பண்ணீங்க?"

"அதே துண்டுதான். பின்னாலேர்ந்து ஓட்டினா அப்படித் தெரியும்."

"எல்லாரும் நம்பிட்டாங்க."

"நம்புவாங்க."

ஒரு பட்டன் தைத்து முடித்தாள். அடுத்ததை எடுத்துச் சட்டையில் வைத்தாள், தைக்கவில்லை. "நான் ஒண்ணு கேப்பேன். எனக்குச் சொல்லணும்."

"கேளு."

"'தூக்கம் வருதுப்பா'ங்கறது படத்துல எழுதின வசனம். அவளுக்கு அத யாரோ சொல்லிக் குடுத்தாங்க, நானும் அங்கதான் நின்னேன். ஆஸ்பத்திரிலயும் அதே வசனத்தையா சொன்னா?"

அவர் செய்தித்தாளை இறக்கி மடியில் வைத்தார்.

"மொத நாளு கேட்டப்ப எனக்கு எதுவும் தோணல. சரியா இருக்கேன்னுதான் நெனச்சேன். தெனமும் கேட்டேன் பாருங்க. கேக்கக் கேக்கத்தான் தோணுச்சு. தொண்டை அடைச்சுக் கெடந்த புள்ளைக்கு எப்படிங்க பேச்சு வந்துச்சு?"

செய்தித்தாளை அவர் நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடியவில்லை.

"நான் இல்லம்மா," என்றார்.

"எங்க இல்ல?"

"பக்கத்துல. நான் அப்ப தபாலாபீஸ்ல இருந்தேன். ஒனக்குத் தந்தி குடுக்கப் போனேன். காலைல டாக்டரு, அம்மாவ வரச் சொல்லிடுங்கன்னாரு. அவகிட்ட, அம்மாவக் கூப்பிடப் போறேன், இதோ வந்துடறேன்னு சொன்னேன். தலைய ஆட்டினா. பேச முடியல. மழை. தபாலாபீஸ்ல ஒரே கூட்டம். திரும்பி வந்தப்ப படுக்கைல வேற துணி விரிச்சிருந்தாங்க."

அவள் சட்டையை மடியில் வைத்தாள்.

"மொகத்த மட்டும் காமிச்சாங்க. கண்ணு மூடியிருந்துச்சு. தானா மூடினாளா, நர்சு மூடினாங்களா, அதுவும் தெரியாது. கேக்கத் தோணல."

"அப்புறம் ஏன் எங்கிட்ட..."

"நீ வந்து கேட்ட. உனக்குத் தந்தி குடுக்கப் போனதுனாலதான் பாக்கலன்னு சொல்லச் சொல்றியா? அத வேற நீ சுமக்கணுமா?" குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லம்மா. அவ கண்ண மூடி நான் பாத்தது படம் எடுத்த அன்னைக்கு ஒண்ணுதான். அதத்தான் எடுத்து உங்கிட்ட சொன்னேன்."

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் இறைத்தார்கள். வாளி சுவரில் இடித்துக்கொண்டே மேலே வந்தது. 

"தந்தி வந்துச்சு," என்றாள். "பாலம் போனதுக்கப்புறம் வந்துச்சு."

"ம்."

"அப்ப யாருமே பாக்கல."

"யாருமே பாக்கல."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மறுபடி ஊசியை எடுத்து அந்தப் பட்டனைத் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள்.

"எனக்கு அது வேணும்," என்றாள். "பொய்யாவே இருக்கட்டும். நடிப்புதான்னு எனக்கும் தெரியும். ஒரு தடவ நீங்களும் எங்கூட வந்து உக்காரணும். ரெண்டு பேருமா பாக்கணும். எங்கயாவது பழைய பிரிண்ட் இருக்குதான்னு கேளுங்க."

மறுநாள் கத்திரிக்காரர் ரெப்பிடம் கேட்டார். ரெப்பு காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "மலையடிவாரத்துல ஒண்ணு நிக்குது. தகரக் கொட்டகை. மாத்திக் குடுக்கறேன்னு சொல்லி அனுப்பினா அந்த ஓனரு அடிக்க வராரு. எங்க ஜனம் அழறதுக்குத்தான்யா வருது, வயித்தெரிச்சல எங்கயாவது கொட்டணும்ல, அழுகைய எடுத்தீங்கன்னா நாற்காலிய ஒடைப்பாங்கன்னு. முதலாளியும் சரி விடுன்னுட்டாரு." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "எதுக்கு?"

"போய்ட்டு வரணும்."

ரெப்பு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பேசியே பிழைக்கிற மனிதர் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிற இடத்தை மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் பாதி நாள் ஆயிற்று. அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டி எடுத்துவந்திருந்தாள். வழியில் ஓரிடத்தில் பஸ் நின்றபோது இருவரும் இறங்கி, கடை ஓரத்தில் நின்று டீ குடித்தார்கள். அவர் டீயில் சர்க்கரை அதிகம் என்று அவள் தன்னுடையதை மாற்றிக் கொடுத்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எங்கேயோ போவது அது. என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதற்கு, "படம் பாக்க," என்றார் கத்திரிக்காரர். அவ்வளவு தூரமா என்று கேட்டவர் சிரித்தார்.

கொட்டகை என்றால் மூங்கில் தூண்களும் தகரக் கூரையும்தான். பெஞ்சுகள். வேலையிலிருந்து நேராக வந்த சேறு படிந்த கால்கள், ஈரத் துணி வாசனை, அழுகிற கைக்குழந்தைகள். ஓனர் சொன்னது சரிதான். பெண்கள் முந்தானையைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கத்திரிக்காரரும் மனைவியும் நடுவில் ஒரு பெஞ்சில் இடம் பிடித்தார்கள். இந்த முறை அவள் தொடக்கத்திலிருந்தே பார்த்தாள். பாப்பா படியில் இறங்கி ஓடிவந்தாள். பாப்பா பந்தைத் தொலைத்தாள். பாப்பா சொன்ன ஒரு பதிலுக்கு ஜனங்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து இவளும் லேசாகச் சிரித்ததைக் கத்திரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் கொட்டிய கொட்டில் படத்தின் சத்தம் அத்தனையும் அடங்கிப்போயிற்று. வாய்கள் அசைந்தன, வார்த்தை வரவில்லை. ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. ஜனங்கள் அதற்குப் பழகியவர்கள். யாரும் கூச்சல் போடவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கட்டில் வந்தது. தந்தையாக நடித்தவர் குனிந்து எதையோ சொன்னார். பாப்பாவின் உதடுகள் அசைந்தன. குரல் இல்லை. மழை மட்டும் இருந்தது. என்ன வசனம் என்று தெரிந்திருந்தும் அவர்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை.

இமைகள் மெல்ல இறங்கின. மூடின.

கத்திரிக்காரர் காத்திருந்தார். அந்தத் துண்டை அவர் அத்தனை முறை ஓட்டியிருந்தார். மூடிய இமை நடுங்கும், பிறகு பிரியும். உடம்பு தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்து அதற்காகக் காத்திருந்தது. இமை நடுங்கவில்லை. முகம் அப்படியே திரையில் பெரிதாக நின்றது. சுற்றிலும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அவர் இன்னும் காத்திருந்தார். பக்கத்தில் அவள் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. 

"போயிட்டா," என்றாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

அவர் தலையை ஆட்டினார். அது போதாது என்று தோன்றியது. வாயைத் திறந்து சொன்னார்.

"ஆமா. போயிட்டா."